ரூபன்ஸின் ஓவியமும் உம்மும்மாவின் கண்ணாடியும்

உருவப்படம் தொங்கும் வீட்டினுள் மலக்குகள் நுழையமாட்டார்கள் என்பதில் மிக உறுதியானவன் என் மருமகன்; மூத்த சகோதரியின் புதல்வன். பெருநாளன்று அட்டாளைச்சேனையிலுள்ள எமது வீட்டுக்கு வந்தவன், கணினித் திரையில் நான் ஒரு பழைய ஓவியத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு பின்னால் வந்து நின்றான். ஒரு சிறு உபதேசம் வரப்போகிறது என்று எதிர்பார்த்தேன். அவனோ சற்று நேரம் உற்று நோக்கிவிட்டு, திரையில் ஓரிடத்தில் விரலை வைத்து, "மாமா, இந்த இடம் மட்டும் நல்லாரிக்கி" என்றான்.

அவன் விரல் வைத்த இடத்தில் ஒரு கோயில். அதனுள்ளிருந்த சிலை, வானிலிருந்து பாய்ந்த ஒளிக்கதிர் பட்டு உடைந்து விழுந்துகொண்டிருந்தது.

கடந்த சில வாரங்களாக அந்த விரலைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதன் விளைவே இக்கட்டுரை.

ஓவியம் பீட்டர் பவுல் ரூபன்ஸ் தீட்டியது. 'புனித பிரான்சிஸ் சவேரியாரின் அற்புதங்கள்' என்று பெயர். 1617, 1618 ஆம் ஆண்டுகளில் அன்ட்வேர்ப் நகரத்து யேசு சபையினரின் புதிய தேவாலயத்துக்காக வரையப்பட்டது. இன்று வியன்னாவின் கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பேராதனையில் கலைப்பட்டத்துக்குப் படித்த நாட்களில், நூலகத்திலிருந்த தடித்த நூலொன்றில் இதனை முதன்முதலாகக் கண்டேன். கறுப்பு வெள்ளையில், உள்ளங்கை அளவில் இருந்தது. பல ஆண்டுகளின் பின்னர் தொழில் நிமித்தம் ஐரோப்பா சென்ற ஒரு தடவை, ஒரு பகற்பொழுதைக் களவாடி வியன்னாவுக்குப் போய் அசலின் முன் நின்றேன். ஐந்து மீற்றருக்கும் அதிக உயரம். கீழே நிற்பவன் அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்க்க வைப்பதற்கென்றே செய்யப்பட்ட படம் அது.

உயர்ந்த ஒரு மேடையில் கறுப்பு அங்கியுடன் சவேரியார் நிற்கிறார். கீழே மனிதக் கூட்டம். இறந்த ஒருவன் சவச்சீலையோடு எழுகிறான். குருடன் ஒருவன் கைகளை முன்னே நீட்டி, காற்றைத் தடவியபடி வருகிறான். நோயாளர், தாய்மார், வியந்து நோக்குவோர், தலைப்பாகை அணிந்தோர். மேலே வானவர் கூட்டம். அங்கிருந்து இறங்கும் ஒளிதான் கோயிற் சிலையைத் தகர்க்கிறது. சிலையோ பேயுருவம். கோயிலோ உரோமாபுரித் தூண்களோடு நிற்கிறது. கீழைத்தேயத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களுக்கு இத்தாலியக் கட்டடமொன்று பின்னணி!

படம் மகத்தானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. அந்தக் குருடனின் கைகளை மாத்திரம் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பார்வையற்ற மனிதனின் விரல் நுனியில் கண் இருக்கும் என்பதை அறிந்த ஓவியன் அவன். பழிப்பதற்காக நான் இதனை எழுதவில்லை. ஆயினும் மூன்று தசாப்தங்களுக்கு மேலாகப் பத்திரிகையில் உழன்றவனுக்கு, எதனைப் பார்த்தாலும் இது யாருக்காக, எந்த வேளையில், எதற்காகச் செய்யப்பட்டது என்ற கேள்வி வந்துவிடுகிறது. தொழில் வியாதி.

வேளையைக் கவனியுங்கள். சவேரியார் 1552 இல் சீனக் கரையோரத் தீவொன்றில் காலமானார். அவருக்கு 'அருளாளர்' நிலை வழங்கப்பட்டது 1619 இல்; புனிதராக அறிவிக்கப்பட்டது 1622 மார்ச்சில், யேசு சபையை நிறுவிய இக்னேசியஸ் லொயோலாவுடன் சேர்த்து. ஆகவே ரூபன்ஸ் தூரிகையை எடுத்தபோது சவேரியார் இன்னும் அருளாளர்கூட அல்லர். ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது; படம் அவ்வழக்கின் சாட்சியம். இக்னேசியஸின் அற்புதங்களைச் சித்திரிக்கும் இணை ஓவியம் ஒன்றும் உண்டு. பிரதான பீடத்தின் மேல் இரண்டையும் மாறி மாறிக் காட்டுவதற்குக் கப்பியும் கயிறும் கொண்ட பொறியமைப்பு இருந்தது. 1718 இல் அத்தேவாலயம் தீப்பற்றி, ரூபன்ஸ் தயாரித்த உட்கூரை ஓவியங்கள் யாவும் சாம்பலாயின. பீடப் படங்கள் தப்பின. 1773 இல் யேசு சபை கலைக்கப்பட்ட பின்னர், ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா அவற்றை வாங்கினார். வியன்னாவுக்கு அவை வந்த கதை இதுதான்.

இனி இடத்தைக் கவனியுங்கள். அன்ட்வேர்ப். 1566 ஆகஸ்டில் கல்வினியச் சீர்திருத்தவாதிகள் அந்நகரத்துப் பேராலயத்தினுள் புகுந்து, சிலைகளையும் பீடங்களையும் ஓவியங்களையும் அடித்து நொறுக்கினார்கள். சிலை வழிபாடு இறைவனுக்கு அடுக்காது என்பதே அவர்களது வாதமாக இருந்தது. ரூபன்ஸின் தந்தையார் கல்வினியச் சார்புடையவர் எனக் கருதப்பட்டு, 1568 இல் அந்நகரை விட்டு ஓட நேர்ந்தவர். பின்னர் கத்தோலிக்க ஸ்பெயினின் பிடி இறுகி, உடைந்த பீடங்கள் மீளக் கட்டப்பட்டபோது, அவ்வேலையின் தலையாய ஓவியனாக விளங்கியவன் மகன்.

தன் சிலைகள் உடைபட்டதைக் கண்ணால் கண்ட நகரம் அது. உடைத்தவர்களை இறைநிந்தனையாளர் என்று தூற்றிய நகரம். சரியாக ஐம்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, அதே நகரம், பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த பிறருடைய சிலைகள் உடைவதைத் தன் பீடத்தின் மேல் ஐந்து மீற்றர் உயரத்துக்கு வரைந்து வைத்து மண்டியிட்டது. தன் வீட்டில் நடந்தால் அழிவு, அயலான் வீட்டில் நடந்தால் அற்புதம். எனக்குத் தெரிந்தவரை, அவர்களில் எவருக்கும் இது முரணாகத் தோன்றியதாகச் செய்தியில்லை.

அந்த அயலான் யார் என்றால், நாம்தான். 'நாம்' என்பதைத் தமிழ் பேசும் கரையோர மக்கள் என்ற பொருளில் சொல்கிறேன். 1542 மே மாதம் கோவாவில் இறங்கிய சவேரியார், அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். தூத்துக்குடி, புன்னைக்காயல், மணப்பாடு என்று கரை நெடுகிலும் கால்நடையாகத் திரிந்தார். செபங்களைத் தமிழில் பெயர்ப்பித்து மனனஞ் செய்துகொண்டு, கையில் மணி அடித்துச் சிறுவர்களைக் கூட்டி ஓதுவித்தார். அவருடைய அற்புதங்கள் என்று பேசப்படுபவற்றுள், இறந்தவரை எழுப்பிய பல கதைகள் இக்கரைக்குரியவை. சிலை உடைப்பும் வெறும் ஓவியக் கற்பனையன்று. சிறுவர்களை அழைத்துச் சென்று விக்கிரகங்களை நொறுக்கச் செய்ததைத் தமது கடிதங்களில் அவரே மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறார்.

எமது பக்கத்துக் கணக்கையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். சவேரியார் வருவதற்கு முன்னரே, 1530 களின் நடுப்பகுதியில், பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். அவர்களைப் போர்த்துக்கேயரின் பக்கம் தள்ளியது முத்துச் சலாபத்தில் முஸ்லிம் வணிகரோடு மூண்ட பகை. எம்மவர் அங்கே அப்பாவிகளாக இருக்கவில்லை. கடலில் மூழ்கி உயிரைப் பணயம் வைத்தவனுக்குரிய பங்கை அமுக்கியவர்களில் எமது முன்னோரும் இருந்திருக்கக்கூடும். 1538 இல் வேதாளைக் கரையில் மரைக்காரின் படையைப் போர்த்துக்கேயர் முறியடித்தபோது, அப்பரதவ மக்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருந்தால் அதில் வியப்பில்லை.

ரூபன்ஸின் படத்திலோ இந்தச் சிக்கல் எதுவும் கிடையாது. முத்து இல்லை, வரி இல்லை, தோணி இல்லை. முகமும் இல்லை என்பேன். கூட்டத்தின் நடுவே கிழக்காசிய உடையணிந்த ஒருவர் நிற்கிறார். அதே உடையில் ரூபன்ஸ் சுண்ணக்கோலால் வரைந்த ஓர் உருவம் இன்று லொஸ் ஏஞ்சலீஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நெடுங்காலம் 'கொரிய மனிதன்' என்று அழைக்கப்பட்ட அவர், நெதர்லாந்துக்கு வந்த ஒரு சீன வணிகராக இருக்கலாம் என்று அண்மைய ஆய்வாளர் வாதிடுகின்றனர். எவராயினும் சரி, ஓவியன் ஒரு கீழைத்தேயத்து உடையைக் கூர்ந்து வரைந்திருக்கிறான். முத்துக்குளித்துறைக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. எமது தெய்வங்களை வரைவதற்கும் நேரிற் கண்ட சாட்சி தேவைப்படவில்லை. 1510 இல் வெளிவந்த வர்த்தேமாவின் பயண நூலில் கள்ளிக்கோட்டைக் கோயிற் சிலை பேயாக வருணிக்கப்பட்டிருந்தது. அன்று தொட்டு ஐரோப்பியர் இந்தியத் தெய்வங்களைக் கொம்பும் கோரைப்பல்லும் வைத்துத்தான் வரைந்துகொண்டிருந்தார்கள். அந்த மரபையே 'அரக்கர்களாக இழிவுபடுத்தப்பட்டவர்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் பார்த்தா மித்தர் 1977 இல் விரிவாக எழுதினார்.

இத்தனைக்கும் இக்கரையின் கத்தோலிக்கருக்கு அற்புதங்கள் வேறொரு வழியில் வந்து சேர்ந்திருந்தன. ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் என்னும் பாதிரியார் 1578 இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலைத் தமிழெழுத்தில் அச்சிட்டார். 1586 இல் 'அடியார் வரலாறு' வந்தது. புனிதர்களின் கதைகளைத் தமிழ் வசனத்தில் சொல்லும் பெருநூல். ரூபன்ஸின் படத்துக்கு முப்பதாண்டுகளுக்கு முந்தியது. அன்ட்வேர்ப்வாசி படத்தைப் பார்த்து அறிந்ததைப் பரதவன் தன் மொழியில் கேட்டு அறிந்தான். கேட்டவனுக்குத் தன் கரை தெரியும், தன் தோணி தெரியும். மனத்தில் உருவங்களை அவன் தானே வரைந்துகொண்டிருப்பான்.

இதனை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், என் உம்மும்மா. எழுதப் படிக்கத் தெரியாதவர். படம் பார்த்து அறியாதவர். அவரிடம் ஓர் அற்புதக் கதை இருந்தது.

நாகூர் ஆண்டகை ஷாஹுல் ஹமீது நாயகம் ஒருநாள் சிகை மழித்துக்கொண்டிருக்கிறார். கையில் முகம் பார்க்கும் கண்ணாடி. திடீரென்று அதனைக் கடலை நோக்கி வீசுகிறார். ஒஸ்தா மாமா திகைக்கிறார். போனது அவருடைய தொழிற் கண்ணாடி அல்லவா? சில நாளில் கப்பற் தலைவன் ஒருவன் கரையேறி வருகிறான். நடுக்கடலில் கப்பல் ஓட்டையாகி மூழ்கவிருந்த வேளை, எங்கிருந்தோ வந்த ஒரு கண்ணாடி அந்த ஓட்டையை அடைத்துவிட்டதாம். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொல்கிறான்.

அது யாருடைய கப்பல் என்பதில் கதைசொல்லிகளிடையே ஒருமைப்பாடு இல்லை. ஒல்லாந்தருடையது என்பார் சிலர். போர்த்துக்கேயருடையது என்பார் சிலர். ஆண்டகை மறைந்தது பதினாறாம் நூற்றாண்டிலாதலால் ஒல்லாந்துக் கப்பல் காலத்துக்குப் பொருந்தாது என்று, பல்கலைக்கழகம் போய் வந்த மிடுக்கில், ஒருமுறை உம்மும்மாவிடம் நான் விளக்கம் சொன்னேன். பாக்கு இடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே, "ஆருட கப்பலா இரிந்தா என்ன மகன், ஓட்ட விழுந்த கப்பல்" என்றார்.

அப்போது சிரித்துவிட்டுப் போனேன். இப்போது அந்தக் கதையின் பொறியமைப்பு எனக்கு வியப்பாக இருக்கிறது. போர்த்துக்கேயர் இக்கடலில் முஸ்லிம்களைப் படுத்திய பாடு எமது வரலாற்றின் முதற் பக்கம். 1626 இல் அவர்கள் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை விரட்டியபோது, கண்டியரசன் செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்புக் கரையில் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. ரூபன்ஸின் படம் தீட்டப்பட்டு எட்டாண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்படி விரட்டப்பட்ட மக்கள் காத்து வைத்திருந்த கதையில், வலியுல்லாஹ் எதிரியின் கப்பலை மூழ்கடிக்கவில்லை. மூழ்கவிருந்த கப்பலைக் காப்பாற்றுகிறார்.

தஞ்சாவூர் அச்சுதப்ப நாயக்கரின் கதையும் இத்தகையதே. ஊசிகள் குத்தப்பட்ட புறாவொன்றைக் கண்டெடுத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க, மன்னரின் நோய் தீர்கிறது. மன்னர் கலிமாச் சொல்லவில்லை, எவரும் கேட்கவுமில்லை. நாகூர் தர்காவின் ஐந்து மினாராக்களில் உயர்ந்ததைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர் என்பதும் வாசகர் பலர் அறிந்ததே. எங்கள் அவுலியாக்களின் வரலாறுகளிலும் யோகிகளை வென்றடக்கும் கதைகள் உண்டு. இல்லை என்று பூசி மெழுக நான் வரவில்லை. ஆனால் சேகனாப் புலவர் திருக்காரணப் புராணம் பாடியதையும் குலாம் காதிறு நாவலர் 'கன்ஜுல் கறாமத்து' எழுதியதையும் அறியாத என் உம்மும்மாவின் நாவில், இத்தனை கதைகளுக்குள்ளும் தங்கியது கண்ணாடிதான்.

அந்தக் கண்ணாடிக்குப் படம் கிடையாது. சிலையும் கிடையாது. எங்களிடம் இருப்பது ஒரு கொடி. ஜமாதுல் ஆகிர் மாதத்தில், கல்முனைக்குடி பெரிய பள்ளிவாசலிலிருந்து ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டு, கடற்கரைப் பள்ளியில் ஏற்றப்படும் கொடி. ஆண்டகை அங்கே அடங்கியிருக்கவில்லை. அவர் அடங்கியிருப்பது பாக்கு நீரிணைக்கு அப்பால், நாகூரில். இங்கிருப்பது நினைவு மாத்திரமே. அட்டாளைச்சேனையிலிருந்து பஸ்ஸில், பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர் ஊராக எண்ணிக்கொண்டு உம்மும்மாவின் மடியிலிருந்து போன ஞாபகம் இன்னும் அழியவில்லை. மவ்லிது ஓதும் சத்தம், றபான் தட்டும் பாவாக்கள், வளையற் கடை, கந்தூரிச் சோறு. நேர்த்திக்கடன் வைத்த தமிழ்ப் பெண்களும் வருவார்கள். 2004 டிசெம்பர் 26 இல் கடல் எழுந்து மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரை அக்கரையைத் தின்ற பின்னரும், கொடியேற்றம் நின்றுபோகவில்லை.

அதனை நிறுத்த வேண்டும் என்ற குரல்தான் எனக்குக் கவலை தருகிறது. அது ஷிர்க் என்று நினைப்பவருக்கு அவ்வாறு நினைக்கவும், சொல்லவும், போகாமலிருக்கவும் முழு உரிமை உண்டு. கப்றுகளின் முன் கேட்பது இறைவனிடம் கேட்பதாகுமா என்பது ஆயிரம் ஆண்டாக உலமாக்கள் வாதிட்டு வரும் விடயம். அதனைத் தீர்க்கும் தகுதி ஒரு பத்திரிகைக்காரனுக்கு இல்லை. என் சொந்த ஈமானும் உம்மும்மாவினுடையது அன்று. நான் கொடிக்கு நேர்த்தி வைப்பவனல்லன். ஆனால் "நான் போகமாட்டேன்" என்பதற்கும் "இருக்கவே கூடாது" என்பதற்கும் இடையில்தான் அந்த ஒளிக்கதிர் இறங்குகிறது.

இறங்கிய இடங்களை நாம் கண்டுவிட்டோம். 2006 டிசெம்பரில், காத்தான்குடியில், சூஃபிக் குரு ஒருவரின் அடக்கப்பட்ட உடலையே தோண்டி எடுத்தார்கள். அப்போது நான் பணியாற்றிய செய்தியறையில் அச்செய்தி எந்தப் பக்கத்தில், எத்தனை வரியில் போக வேண்டும் என்று விவாதம் நடந்தது. 'எமது சமூகத்தின் உள்விவகாரம்' என்று வாதிட்டு அதனைச் சிறிதாக்கியவர்களில் நானும் ஒருவன். 2017 மார்ச்சில் அதே ஊரில் சூஃபி வழியினரோடு மோதல். 2018 டிசெம்பரில் மாவனெல்லையில் புத்தர் சிலைகள் சேதமாக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு: கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார், மட்டக்களப்பு சீயோன். ஐந்தாம் நாள் சாய்ந்தமருதில், கடற்கரைப் பள்ளியிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு வீட்டில் வெடித்த குண்டுகளில் குழந்தைகளும் மாண்டார்கள். முதலில் அவுலியாக்களின் கப்று, அடுத்து அயலவரின் சிலை, அதற்கடுத்து அயலவர். இந்த வரிசையில் முதலாவது நிகழ்ந்தபோது எழுதியிருக்க வேண்டியதை எழுதாமல் விட்டவன், இப்போது வலைப்பதிவில் எழுதுகிறேன்.

கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் முஸ்லிம் பெண்கள் மெழுகுதிரி கொளுத்தக் கண்டிருக்கிறேன். அவர்களை அங்கே அழைத்துப் போனது எவருடைய பிரசாரமும் அன்று, மகனின் காய்ச்சலோ கணவனின் வேலையோதான். சவேரியாரைத் தேடி இன்றும் கோவாவுக்குச் செல்வோரில் கத்தோலிக்கர் மாத்திரமா இருக்கிறார்கள்? பாவனையில் அற்புதம் எப்போதும் இப்படிக் கலந்துதான் கிடக்கிறது. நிறுவனங்கள் அதனைப் படமாகவோ பிரசங்கமாகவோ எடுத்துக்கொள்ளும்போதுதான், தோற்றவன் ஒருவன் தேவைப்படுகிறான். நோயாளி எழுந்தது போதாது. பக்கத்தில் எதுவாவது விழவும் வேண்டும். ரூபன்ஸுக்கு அது தேவைப்பட்டது, வழக்கு வெல்ல வேண்டியிருந்ததால். என் மருமகனுக்கு ஏன் தேவைப்படுகிறது?

அதனை அவனிடமே கேட்டேன். உடைந்த சிலையிலிருந்து அவன் விரலை எடுத்து, அந்தக் குருடனின் கைகளுக்கு நகர்த்தினேன். "இவன் கண் தெரியாத மனிதன். வழி தேடி வருகிறான். இவனைப் பார்த்தாயா?" அவன் பார்த்தான். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். பின்னர், உருவம் வரைவது எப்படியும் கூடாது மாமா என்றான். அந்தப் பதிலில் ஒரு நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. குறைந்தபட்சம் இப்போது முழுப்படமும் கூடாததாகிவிட்டதே.

அடுத்த கொடியேற்றத்துக்கு என்னோடு வருகிறாயா என்று அவனிடம் கேட்டிருக்கிறேன். வரமாட்டானாம். முழங்கால் வலியோடு நான் பஸ் ஏறி அலைய வேண்டியதில்லை, மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போய் விடுகிறேன் என்றான். ஆனால் பள்ளி வாசல்வரை அல்ல, அதற்கு முந்திய சந்தி வரையில்.